13 மாசம் கழிச்சு ஜெயிச்ச அப்பீல்

1989 மார்ச் மாசம் இங்கிலாந்துல அஞ்சு ஈழத்தமிழர்கள் ஒரு அப்பீல்ல ஜெயிச்சாங்க. இவங்களோட பயம் நியாயமானதுதான், புகலிடம் கேட்டது சரிதான், திரும்பக் கூட்டிட்டு வரணும்னு விசாரிச்ச அதிகாரி எழுதிட்டார். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சிக்கல். ஜெயிச்ச அன்னிக்கு அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் கூட இங்கிலாந்துல இல்லை. 13 மாசத்துக்கு முன்னாடியே, 1988 பிப்ரவரியில, விமானத்துல ஏத்தி இலங்கைக்கு அனுப்பியாச்சு!

இந்த வழக்கைப் பத்தி ரொம்ப நாளா ஒரு பதிவு எழுதணும்னு நெனச்சிட்டிருந்தேன். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்ச ரெண்டு வாரத்துல தீர்ப்பை உக்காந்து படிச்சேன். நான் சட்டம் படிச்சவன் இல்லை, கோட் எழுதிப் பொழைக்கிறவன். ஆனா தீர்ப்பு வாசிக்கிறதும் அடுத்தவன் எழுதின கோடை வாசிக்கிற மாதிரிதான். எந்த இடத்துல எந்த 'இஃப்' கண்டிஷன் வேலை செய்யுதுன்னு பாத்துக்கிட்டே போனா பாதி புரிஞ்சிடும். பதிவு கொஞ்சம் நீளம், காபி டம்ளரோட வாங்க.

மொதல்ல அடிப்படை. உயிருக்கு ஆபத்துன்னு ஓடி வந்தவனை அதே ஆபத்துக்குள்ள திருப்பித் தள்ளக்கூடாது. இதுக்கு 'நான்-ரிஃபூல்மென்ட்'னு பேரு, பிரெஞ்சுலேர்ந்து வந்த சொல். 'திருப்பி அனுப்பாமை'ன்னு வச்சுக்கலாம். 1951 அகதிகள் ஒப்பந்தத்துல 33வது பிரிவு. கையெழுத்துப் போட்ட எந்த நாடும் இதை நேரடியா மறுக்கிறதில்லை. சண்டை எல்லாம் வேற இடத்துல. "ஆபத்து இருக்கு"ன்னு யார் சொல்றது, அந்த முடிவு தப்புன்னா யார்கிட்ட போறது, அதுக்கு எத்தனை நாள் டைம், அந்த நாள் முடியிற வரைக்கும் ஆளை நாட்டுல வச்சிருப்பாங்களா மாட்டாங்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முழு மேட்டரும். சொத்து வழக்குல அப்பீல் லேட்டானா நிலம் எங்கயும் ஓடிடாது. வீட்டை இடிச்சாக்கூட நஷ்டஈடு உண்டு. இங்க அப்படி இல்லை. பேக்கப் எடுக்காத டேட்டாபேஸை அழிச்சுட்டு, "அழிக்கலாமா?"ன்னு அப்புறமா அப்ரூவல் மெயில் அனுப்புற கதை.

சரி, 1987க்குப் போவோம்.

அந்த வருஷம் பிப்ரவரி 13ந்தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துல 60க்கும் மேற்பட்ட தமிழர்கள் ஒண்ணா வந்து இறங்கினாங்க. புகலிடம் கேட்டாங்க. உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட். சில நாள்லயே திருப்பி அனுப்ப முடிவாச்சு. 17ந்தேதி விமானத்துல ஏத்தப் போறப்ப சில பேர் ஓடுதளத்துலயே சட்டை பேன்ட்டைக் கழட்டிப் போட்டுட்டு உள்ளாடையோட உக்காந்துட்டாங்க. பிப்ரவரி மாசக் குளிர்ல! மறுநாள் பேப்பர்ல எல்லாம் அந்தப் படம்தான். அதே நேரத்துல வக்கீல்கள் கோர்ட்டுக்கு ஓடி கடைசி நிமிஷத்துல தடை வாங்கினாங்க. லேட்டா வந்த மனுதான், ஆனா விமானம் கிளம்புறதுக்கு முன்னாடி வந்துடுச்சு. அரசாங்கம் இதுலேர்ந்து கத்துக்கிட்ட பாடம் என்ன தெரியுமா? விசா இல்லாத ஆளை ஏத்திட்டு வர்ற விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு 1000 பவுண்டு அபராதம்னு அதே வருஷம் ஒரு சட்டம். கோர்ட்டுக்குப் போறதைத் தடுக்க முடியலன்னா, கோர்ட் இருக்குற ஊருக்கே வர விடாதே. லாஜிக் சரிதானே?

வந்தவங்கள்ல சில பேரை 'ஏர்ல் வில்லியம்'னு ஒரு பழைய பயணிகள் கப்பல்ல அடைச்சு வச்சாங்க. ஹார்விச் துறைமுகத்துல கட்டிப்போட்ட கப்பல், மிதக்கும் ஜெயில்.

இப்ப நம்ம அஞ்சு பேர். இவங்களும் 1987ல வந்தவங்கதான். ஆகஸ்ட்டுல உள்துறை இவங்க மனுவை நிராகரிச்சுது. ஜூலை 29ந்தேதி ராஜீவ் - ஜெயவர்தனே ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போயிருந்துச்சு. நிலைமை சீராகுது, பயப்பட ஒண்ணுமில்லைங்கிறது லண்டனோட வாதம். இவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கீழ்க் கோர்ட்டுல தோல்வி.

அக்டோபர் மாசம் அந்த ஒரு வாரத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. 10ந்தேதி வாக்குல யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இந்திய அமைதிப்படை சண்டையைத் தொடங்குது. 12ந்தேதி லண்டன்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தமிழர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுது. 16ந்தேதி அதிகாலை இங்கிலாந்தைப் புரட்டிப் போட்ட பெரும்புயல்ல ஏர்ல் வில்லியம் கப்பல் கயித்தை அறுத்துக்கிட்டுப் போய்த் தரை தட்டுது. அதுக்கப்புறம் உள்ள இருந்தவங்களை வெளிய விட்டாங்க. கோர்ட் செய்யாததைக் காத்து செஞ்சிடுச்சுன்னு நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எளிமை. சாதாரண தைரியம் உள்ள ஒரு மனுசன் அந்த இடத்துல இருந்தா பயப்படுவானா? பயப்படுவான்னா அது நியாயமான பயம். அரசாங்கம் ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸுக்குப் போச்சு (அப்ப அதுதான் உச்ச நீதிமன்றம்). ஐ.நா. அகதிகள் ஆணையமும் உள்ள வந்து வாதாடிச்சு. 1987 டிசம்பர் 16ந்தேதி லார்ட்ஸ் தீர்ப்பைத் திருப்பிப் போட்டுது. பயம் மனசுக்குள்ள இருந்தா மட்டும் போதாது, வெளியில அதுக்கு நிஜமான காரணம் இருக்கணும், துன்புறுத்தப்படுறதுக்கு ஓரளவு நியாயமான வாய்ப்பு இருக்கணும், அது இருக்கா இல்லையான்னு பாக்குறது உள்துறை அமைச்சர் வேலை. சிவகுமாரன் வழக்குன்னு இதுக்குப் பேரு. உலகம் பூரா அகதிச் சட்டம் படிக்கிற பசங்க மனப்பாடம் பண்ற வழக்கு. அந்தப் பேரு நம்மூர்ப் பேருங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை.

உண்மையைச் சொன்னா லார்ட்ஸ் வச்ச அளவுகோல் மேல எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆபத்து நிஜமா இருக்கான்னு பாக்கணும்தான். பாக்குறவர் யாருங்கிறதுலதான் ஓட்டை. அமைச்சர் முடிவெடுப்பார். அது தப்புன்னா உண்மை விவரங்களை முழுசா மறுபடி விசாரிக்கிற அப்பீல் ஒண்ணு உண்டு, 1971 குடிவரவுச் சட்டத்துலயே இருக்கு. ஆனா விசா இல்லாம வந்து இறங்கினவங்க அந்த அப்பீலைப் போடணும்னா ஒரு நிபந்தனை. மொதல்ல நாட்டை விட்டுப் போகணும்.

மறுபடியும் படிங்க. கொல்லுவாங்கன்னு பயந்து வந்தவன், "கொல்லமாட்டாங்க"ங்கிற முடிவை எதிர்த்து அப்பீல் போடணும்னா, அவங்க கையில போய் நின்னுக்கிட்டுப் போடணும்.

போட்டாங்க. 1988 பிப்ரவரியில அனுப்பினாங்க, இவங்க இலங்கைக்குப் போய் அங்கேர்ந்து வக்கீல் மூலமா அப்பீல் நடத்தினாங்க. 1989 மார்ச்சுல ஜெயிச்சாங்க. அரசாங்கம் அதையும் எதிர்த்துப் பாத்துட்டு, கடைசியில அந்த வருஷம் அக்டோபர்ல திரும்ப வர விட்டு, தற்காலிகமா தங்க அனுமதி கொடுத்துச்சு. நடுவுல என்ன ஆச்சு? அஞ்சு பேர்ல மூணு பேர் திரும்பிப் போன இடத்துல துன்புறுத்தப்பட்டது உண்மைன்னு பின்னாடி ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்குற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே எழுதியிருக்கு.

அப்ப ஸ்ட்ராஸ்பர்க்ல ஜெயிச்சிருப்பாங்களேன்னு நெனைப்பீங்க. இல்லை. 1991 அக்டோபர் 30ந்தேதி தீர்ப்பு. வில்வராஜா எதிர் ஐக்கிய ராஜ்ஜியம். சித்திரவதைத் தடைப் பிரிவு மீறப்படலைன்னு 8க்கு 1. தகுந்த நிவாரண வழி இல்லைங்கிற புகாரும் நிக்காதுன்னு 7க்கு 2. அடி வாங்கினது உண்மைதான், ஆனா அனுப்புற நாள்ல இவங்களுக்கு இப்படி ஆகும்னு லண்டனுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்க வழி இல்லை, அந்த ஊர் இளைஞர்கள் எல்லாருக்கும் இருந்த ஆபத்துதான் இவங்களுக்கும், தனியா ஒரு அடையாளம் இல்லை. வெறும் சாத்தியம் மட்டும் இருந்தா போதாது. இதுதான் காரணம்.

இதுல ஒரு வரி என்னை உலுக்கிடுச்சு. 1988 பிப்ரவரி வாக்குல வடக்கு கிழக்குல நிலைமை மேம்பட்டிருந்துச்சுன்னு சொல்றதுக்கு நீதிமன்றம் காட்டின வலுவான ஆதாரம் ஒண்ணு, 1987 டிசம்பர் கடைசியில தொடங்கின ஐ.நா. அகதிகள் ஆணையத்தோட தன்விருப்பத் திரும்புதல் திட்டம். அப்படித் திரும்பிப் போனவங்க எங்கேர்ந்து போனாங்க? பெரும்பாலும் நம்ம தமிழ்நாட்டு முகாம்கள்லேர்ந்து! 1987 டிசம்பர்லேர்ந்து 1989 ஆகஸ்ட் வரைக்கும் 25,000க்கு மேல ஜனங்க திரும்பிப் போயிருக்காங்க. அவங்க போனதை சாட்சியா வச்சு லண்டன் ஆளுங்க வழக்கு முடிஞ்சிருக்கு.

கோவில்பட்டியிலேர்ந்து எட்டயபுரம் 15 கிலோமீட்டர் வாக்கில். அந்தப் பக்கத்துல தாப்பாத்தின்னு ஒரு ஊர். ரெண்டு பக்கமும் கரிசக்காடு, மழை பெஞ்சா செருப்பைப் பிடிச்சு இழுக்கும், காஞ்சா கால் நுழையிற வெடிப்பு. அங்க ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. எங்க இன்ஜினியரிங் காலேஜ்ல என் பேட்ச்ல அந்தப் பக்கத்து முகாம்லேர்ந்து வந்த ஒரு பையன் படிச்சான். பிறந்ததே இங்கதான். பேச்சும் எங்களை மாதிரிதான், "ஏலே"தான். ஒரு நாள் ஹாஸ்டல்ல கடலைமிட்டாயைக் கடிச்சுக்கிட்டே அவன் தாத்தா கதையைச் சொன்னான். 88ல கப்பல்ல திரும்பிப் போனாராம். போய் ஓடு மாத்தி, கிணறு தூர்வாரி, தோட்டத்துல வெங்காயம் போட்டாராம். 90ல மறுபடி சண்டை. மறுபடி படகு, மறுபடி மண்டபம்.

"தாத்தாவுக்குப் போக விருப்பம் இருந்துச்சாலே?"ன்னு கேட்டேன்.

"இருந்துச்சுல. யாருக்குத்தான் சொந்த ஊருக்குப் போக விருப்பம் இருக்காது? விருப்பம் இருந்தா ஆபத்து இல்லைன்னு அர்த்தமாலே?"

இவன் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பைப் படிச்சவன் இல்லை. ஆனா அதுல நான் தேடின ஓட்டையை ஹாஸ்டல் கட்டில்ல உக்காந்து சொல்லிட்டான். 1990 ஜூன்ல சண்டை மறுபடி தொடங்கினதும் தமிழ்நாட்டுக்கு வந்து சேந்தவங்க ஒரு லட்சத்துக்கு மேல. ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு எழுதினப்ப அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. 1988ல என்ன தெரிஞ்சிருந்ததோ அதை வச்சுத்தான் பாப்போம்னுட்டாங்க. சட்டப்படி அது சரியா இருக்கலாம்.

*

"ஆள் போயாச்சு, இனி என்ன பண்றது"ங்கிற பதில் 1991ல பிறந்ததில்லை. கொஞ்சம் பின்னாடி போனா நம்ம சரித்திரத்துலயே இருக்கு. 1910 ஜூலை 8ந்தேதி, லண்டன்லேர்ந்து கைதியா இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்ட சாவர்க்கர், மார்சேய் துறைமுகத்துல 'மோரியா' கப்பலோட ஜன்னல் வழியா கடல்ல குதிச்சு பிரெஞ்சு மண்ணுல ஏறிட்டார். பிரெஞ்சுப் போலீஸ்காரர் ஒருத்தர் விஷயம் புரியாம பிடிச்சு ஆங்கிலேயர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டார். மறுநாள் கப்பல் கிளம்பிடுச்சு. அப்புறம்தான் பிரான்ஸ் முழிச்சுக்கிட்டு, எங்க மண்ணுல கால் வச்ச ஆளு, திருப்பிக் கொடுங்கன்னு கேட்டுச்சு. வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்குப் போச்சு. 1911 பிப்ரவரி 24ந்தேதி தீர்ப்பு: ஒப்படைச்சதுல முறைகேடு இருந்திருக்கலாம், ஆனா அதுக்காகத் திருப்பிக் கொடுக்கணும்னு பிரிட்டனுக்குக் கடமை எதுவும் இல்லை. அதுக்குள்ள பம்பாய்ல அவருக்குத் தண்டனையே கொடுத்து முடிச்சாச்சு. அவரோட அரசியலைப் பத்தி ஆளுக்கொரு கருத்து இருக்கும் (எனக்கும் உண்டு, அது இங்க வேண்டாம்). வழக்கோட வடிவத்தை மட்டும் பாருங்க.

அதே காலத்துல இன்னொரு ஆளுக்கு அதே பிரெஞ்சு மண் பத்து வருஷம் நிழல் கொடுத்துச்சு. 1908ல பாண்டிச்சேரிக்குப் போன எட்டயபுரத்துக்காரர், நம்ம பாரதி. 1918 நவம்பர்ல பிரிட்டிஷ் எல்லைக்குள்ள வந்ததும் கடலூர்ல கைது பண்ணிட்டாங்க. எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிக்கிறோங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு எங்க கரிசல்காரங்களுக்குப் புதுசா யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

மறுபடி லண்டன். 1993ல இங்கிலாந்து சட்டத்தை மாத்துச்சு. புகலிடம் கேக்குறவங்க நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே அப்பீல் போடலாம், அப்பீல் முடியிற வரைக்கும் அனுப்பக்கூடாது. ஸ்ட்ராஸ்பர்க்கும் மெல்ல மாறிச்சு. 2000ல ஜபாரி வழக்கு. ஈரான்லேர்ந்து துருக்கிக்கு ஓடி வந்த ஒரு பெண், ஊருக்குப் போனா கல்லெறிஞ்சு கொல்லுவாங்கன்னு சொன்னாங்க. துருக்கியில ஒரு விதி: வந்து 5 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். இவங்க பண்ணலை. அவ்வளவுதான், மனுவைத் திறந்தே பாக்கலை. நீதிமன்றம் இதைக் கடுமையா சொல்லிடுச்சு, நாள் கணக்கை மட்டும் எந்திரம் மாதிரி பாத்து உயிர் ஆபத்தைப் பாக்காம விடக்கூடாதுன்னு. 2002ல பெல்ஜியம் மேல வந்த சோன்கா வழக்குல இன்னொரு படி. அப்பீல்னு ஒண்ணு இருந்தா அது அனுப்புறதை நிறுத்தி வைக்கிற மாதிரி இருக்கணும். வில்வராஜாவுக்கு இது 11 வருஷம் லேட்.

ஆனா அரசாங்கம்னா அரசாங்கம். அப்பீலை எடுக்க முடியலன்னா கடிகாரத்தைச் சுருக்கு. இங்கிலாந்துல 'தடுப்புக்காவல் விரைவுப் பாதை'ன்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஆளை அடைச்சு வச்சு, மனு நிராகரிச்சா அப்பீல் போட ரெண்டே ரெண்டு வேலை நாள். மொழி தெரியாதவன் அடைச்சு வச்ச இடத்துலேர்ந்து வக்கீலைத் தேடி, டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, ஊர்லேர்ந்து ஆதாரம் வரவழைச்சு, எல்லாம் ரெண்டு நாள்ல! நமக்கு ஒரு வருமானச் சான்றிதழ் வாங்க எத்தனை நாள் ஆகும்னு யோசிச்சுக்கோங்க. 2015ல கோர்ட்டுகள் இது அடிப்படையிலேயே நியாயமில்லாத அமைப்புன்னு ரத்து பண்ணிச்சு. அதுக்கு முந்தின வருஷமே 1988ஐத் திரும்பக் கொண்டு வந்த மாதிரி இன்னொரு சட்டம், 'மொதல்ல நாடு கடத்து, அப்புறம் அப்பீல் கேளு'. இது குற்றவழக்குல தண்டனை பெற்ற வெளிநாட்டவர்களுக்கு. 2017 ஜூன்ல உச்ச நீதிமன்றம் கியாரி வழக்குல, வெளிநாட்டுல இருந்துக்கிட்டு வக்கீலும் இல்லாம வீடியோ வசதிக்கும் காசு இல்லாம நடத்துற அப்பீல் ஒரு பயனுள்ள அப்பீலே இல்லைன்னு சொல்லிடுச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு அந்த அஞ்சு பேர் ஞாபகம்தான்.

கடைசி நிமிஷ மனுன்னா எல்லாருக்கும் ஒரு எரிச்சல் வரும். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தாங்க?" ஆஸ்திரேலியாவுல பிலோயலாங்கிற சின்ன ஊர்ல இருந்த தமிழ்க் குடும்பம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2019 ஆகஸ்ட் கடைசியில அப்பா, அம்மா, ரெண்டு பொண் குழந்தைகளை மெல்போர்ன்ல ராத்திரியோட ராத்திரியா விமானத்துல ஏத்திட்டாங்க. விமானம் வானத்துல போய்க்கிட்டிருக்கும்போதே ஒரு நீதிபதி போன்லயே தடை உத்தரவு போட்டார். டார்வின்ல இறக்கிட்டாங்க. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு, வருஷக்கணக்குல கேஸ், ஊர் மக்களோட விடாத போராட்டம். 2022 ஜூன்ல பிலோயலாவுக்கே திரும்பிப் போனாங்க, ஆகஸ்ட்டுல நிரந்தர விசா கிடைச்சுது. அந்த போன் கால் அரை நாள் தள்ளிப் போயிருந்தா இந்தக் கதைக்கு இரண்டாம் பாகமே கிடையாது.

சரி, எதிர்ப்பக்க நியாயத்தையும் பாக்கணும்ல? அதுக்கு ஹாங்காங்தான் சரியான இடம். அங்கயும் கதையைத் தொடங்கி வச்சது ஒரு ஈழத்தமிழர் வழக்குதான், பிரபாகர் வழக்கு (நீங்க நெனைக்கிற பிரபாகரன் இல்லை). கனடா போற வழியில போலி பாஸ்போர்ட்டோட பிடிபட்டு, ஜெயில்ல இருந்து, நாடு கடத்தல் உத்தரவும் வாங்கினவர். ஊர்ல சித்திரவதைக்கு ஆளானேன், மறுபடி அனுப்பாதீங்கன்னு கேட்டார். ஹாங்காங் அரசாங்கம் தானா எதையும் விசாரிக்கலை. ஐ.நா. அகதிகள் ஆணையம் இவர் மனுவை நிராகரிச்சுடுச்சு, அது போதும்னுட்டாங்க. பின்னாடி அதே ஆணையம் இவரை அகதின்னு ஏத்துக்கிச்சு. 2004 ஜூன்ல தலைமை நீதிபதி ஆண்ட்ரூ லீ தலைமையிலான இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம், உயிர் விஷயம், அடுத்தவன் சொன்னான்னு முடிவெடுக்காதே, உயர்ந்த தரத்துல நீயே நியாயமா விசாரிங்கிற கருத்துல தீர்ப்பு சொல்லிச்சு. அதுலேர்ந்துதான் ஹாங்காங்ல முறையான விசாரணை அமைப்பே வளர்ந்துச்சு. 2014 மார்ச்லேர்ந்து எல்லா வகைக் கோரிக்கையும் ஒரே இடத்துல விசாரணை.

இப்ப சிக்கல். அங்க 100 பேர் கேட்டா ஏத்துக்கிறது ஒண்ணு அளவுதான். நிராகரிச்சா 14 நாள்ல வாரியத்துக்கு அப்பீல். அதுலயும் தோத்தா மூணு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துல அனுமதி மனு. அதுக்கும் மேல இன்னொரு அப்பீல். ஒரு காலத்துல வருஷத்துக்குச் சில நூறா இருந்த மனு 2019ல 3,000த்தைத் தாண்டிடுச்சு. அதுல ஏகப்பட்டது தேதி தாண்டி வர்றது, ரெண்டு வருஷம் மூணு வருஷம் கழிச்சுக் கூட. ஒவ்வொண்ணுக்கும் நீதிபதி உக்காந்து பாக்கணும்: எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், அப்பீல்ல சரக்கு இருக்கா. சிலது நாளைக் கடத்துறதுக்காகவே போடுற மனுதான், அதை நான் மறுக்கலை. கடைசியில 2022 டிசம்பர்ல, முதல் கட்ட நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிட்டாலே போதும், மேல அப்பீல் இருந்தாலும் அனுப்பலாம்னு கொள்கையை மாத்திட்டாங்க.

எனக்கு இதுல ஒண்ணுதான் உறுத்துது. 99 பொய் மனுவை வடிகட்டப் போடுற அதே ஃபில்டர்தான் நூறாவது ஆளையும் வடிகட்டும். லேட்டானதுக்குக் காரணம் பொய்யா இருக்கலாம், பழைய விலாசத்துக்குப் போன நோட்டீஸாவும் இருக்கலாம். சித்திரவதை பட்டவன் அதைப் பத்தி வாய் திறக்கவே வருஷக்கணக்காகும்னு டாக்டர்கள் சொல்றாங்க. எங்க ஊர்ல புரட்டாசிப் பட்டம் தப்பினா கரிசக்காட்டுல விதைச்சும் பிரயோஜனம் இல்லைன்னு விட்டுடுவாங்க. காட்டை அடுத்த வருஷம் விதைச்சுக்கலாம்.

இந்தியாவுக்கு வருவோம். நாம 1951 ஒப்பந்தத்துல கையெழுத்தே போடலை. அகதிகளுக்குன்னு தனிச் சட்டம் இல்லை. அதனால அப்பீலுக்குக் கடைசித் தேதியும் இல்லை, ஏன்னா அப்பீலே இல்லை! :-) இருக்குறது அரசியல் சட்டம் 226வது பிரிவுல உயர் நீதிமன்ற ரிட் மனு, இல்லைன்னா 32ல உச்ச நீதிமன்றம். 1992ல மத்திய அரசு ஈழ அகதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சப்ப, இது கட்டாயப்படுத்தி அனுப்புறதுன்னு பழ.நெடுமாறன், டாக்டர் ராமதாஸ் இவங்க சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. போறவங்க விருப்பப்பட்டுத்தான் போறாங்களான்னு சரிபாக்க ஐ.நா. அகதிகள் ஆணையம் வருது, அதை நாங்க சந்தேகப்பட முடியாதுங்கிற ரீதியில முடிஞ்சுது. அந்த ஆணையத்துக்குச் சென்னையில ஆபீஸ் வந்தது அப்படித்தான். 1995 வரைக்கும் 54,000 பேர் வாக்குல திரும்பிப் போனாங்க.

அதுக்கப்புறம் கோர்ட்டுகள் ரெண்டு பக்கமும் பேசியிருக்கு. 1996ல சக்மா வழக்குல, குடிமகன் இல்லாதவனுக்கும் 21வது பிரிவு உயிர்ப் பாதுகாப்பு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2021 மே மாசம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் மியான்மர்லேர்ந்து வந்தவங்க வழக்குல, திருப்பி அனுப்பாமையும் அந்த 21க்குள்ள அடங்கும்னுச்சு. நடுவுல 2018 அக்டோபர் 4ந்தேதி. அஸ்ஸாம்ல 2012லேர்ந்து அடைச்சு வச்சிருந்த ஏழு ரோஹிங்கியா ஆண்களை அனுப்பாம நிறுத்தச் சொல்லி அன்னிக்குக் காலையில உச்ச நீதிமன்றத்துல மனு. தலையிட மறுத்துட்டாங்க. அன்னிக்கே மணிப்பூர் எல்லையில ஒப்படைச்சாச்சு. ஹீத்ரோவுல 1987ல கிடைச்ச அந்தச் சில மணி நேரம் இவங்களுக்குக் கிடைக்கலை.

2025 மே 19ந்தேதி ஒரு இலங்கைத் தமிழர் மனு. உபா சட்டத்துல தண்டனை பெற்று, சென்னை உயர் நீதிமன்றம் 2022ல தண்டனையை 7 வருஷமா குறைச்சு, முடிஞ்சதும் நாட்டை விட்டுப் போகணும்னு சொல்லியிருந்துச்சு. தண்டனையும் முடிஞ்சு, மூணு வருஷம் வாக்குல தடுப்புல இருந்தவர், அங்க போனா உயிருக்கு ஆபத்து, பொண்டாட்டி பிள்ளைங்க இங்க இருக்காங்கன்னு கேட்டார். உலகம் பூரா இருந்து வர்ற அகதிகளை வச்சுக்க இந்தியா என்ன தர்ம சத்திரமாங்கிற பொருள்ல உச்ச நீதிமன்ற அமர்வு கேட்டுட்டுத் தள்ளுபடி பண்ணிடுச்சு. குற்றவாளின்னு தீர்ப்பான ஒருத்தர் மேல யாருக்கும் இரக்கம் வராதது புரியுது. ஆனா 1991ல ஸ்ட்ராஸ்பர்க்காவது அனுப்பினா என்ன ஆகும்னு பக்கம் பக்கமா எடைபோட்டுப் பாத்துட்டுத்தான் மறுத்துச்சு. இங்க அந்தக் கேள்விக்குள்ளயே போகலை.

2021ல தமிழக அரசு அகதி முகாம்ங்கிற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு மாத்துச்சு. 2025 செப்டம்பர்ல புதுக் குடிவரவுச் சட்டம் அமலுக்கு வந்தப்ப மத்திய அரசு ஒரு விலக்கு ஆணையும் போட்டுச்சு. 2015 ஜனவரி 9 வரைக்கும் இந்தியாவுல தஞ்சம் புகுந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட், விசா இல்லைங்கிறதுக்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நல்ல விஷயம்தான். ஆனா அது தண்டனையிலேர்ந்து விலக்கு, தங்குற உரிமை இல்லை, குடியுரிமையும் இல்லை. 2022ல இலங்கையில பொருளாதாரம் படுத்தப்ப அரிசி பருப்புக்கு வழியில்லாம படகேறி தனுஷ்கோடி மணல்திட்டுல வந்து இறங்கின குடும்பங்களை மண்டபத்துலதான் வச்சாங்க. அவங்க இந்தத் தேதிக்கு ஏழு வருஷம் லேட்.